மம்மூத்துக்குப் பிள்ளையார் காது

இன்று கிள்ளானில் என் துணிக்கடைக்கு ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை வந்து, மம்மூத் என்ற பனிக்கால யானையின் வேடம் தைக்க ரோமத் துணி கேட்டார். அடுத்த வாரம் நாடகப் போட்டி. வேடத்துக்கே தனி மதிப்பெண்ணாம்.

"ஏழு மீட்டர் வெட்டுங்கண்ணே. காதுக்கே ரெண்டு மீட்டர் வேணும்."

எதைப் பார்த்துத் தைக்கிறார் என்று கேட்டதும் கைப்பேசியில் ஓர் ஆவணப்படம் காட்டினார். உடம்பெல்லாம் முடி தொங்கும் யானை, பனியைக் கிளறிப் புல் தின்றது. காது மட்டும் தோசைக்கரண்டி அளவுதான்.

"டீச்சர், நீங்க தைக்கப் போறது பிள்ளையார் காது லா! படத்துல இருக்கறதுக்கு ஏன் இத்தனூண்டு?"

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "குளிர் தேசம்ணே. காது பெருசா இருந்தா உடம்புச் சூடு போயிடும். பாடம் எடுத்ததே நான்தான்!"

அப்படியென்றால் நம் யானைக்குக் காதுதான் விசிறியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டு இரண்டு மீட்டர் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டேன். டீச்சர் வாங்கியது ஐந்து மீட்டர்தான்; மீட்டர் பதினெட்டு ரிங்கிட், வெட்டிய துணியைத் திருப்பி எடுப்பதில்லை.