அதிர்வுமானியும் ஒரு டம்ளர் காபியும்

எங்கள் வீடு கோவைக்குக் கிழக்கே ஒரு குப்பைக் கிடங்கை ஒட்டி இருக்கிறது. புல்டோசர் நகர்ந்தால் அலமாரிப் பாத்திரங்கள் குலுங்கும். பிரசவத்துக்கு வந்த மகள், குழந்தை தூங்காமல் அழுததால் கிணத்துக்கடவில் இருக்கும் மாமியார் வீட்டுக்கே திரும்பிவிட்டாள்.

மனு கொடுத்தோம். சத்தத்தையும் அதிர்வையும் அளக்க ஒருவர் வந்தார். வாசல் தரையில் கருவியை வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்றார். வெயிலில் நிற்பவரை எப்படிச் சும்மா விடுவது? காபியும் முறுக்குமாக மூன்று முறை கருவியைத் தாண்டிப் போய், "கூச்சப்படாம சாப்பிடுங்க" என்று வற்புறுத்தினேன்.

அவர் திரையைப் பார்த்தார். "அம்மணி, புல்டோசரை விட உங்க நடையும் பேச்சுந்தானுங்க பெருசா பதிவாயிருக்குது. இது செல்லாதுங்க."

நல்லவேளை, மறுநாளும் வந்தார். வாய் திறக்காமல் அடுக்களையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் யார் அளக்க வந்தாலும் கருவியை எடுத்த பிறகுதான் காபி. அறிக்கை இன்னும் வரவில்லை. அதுவரை புல்டோசர் நிற்கும் நேரம் பார்த்து மகளுக்குப் போன் செய்கிறேன்.

"கேளு கண்ணு, சத்தமே இல்லை. பையனைக் கூட்டிட்டு வாயேன்" என்றேன் நேற்று.

அவள் கேட்டாள்: "ஏனுங்கம்மா, டிரைவர் சாப்பிடப் போயிட்டாருங்களா?"