சத்தம் போடாத கத்தி

என் சித்தி நாடக அரங்கில் வேலை பார்க்கிறாள். நடிப்பதில்லை. மேடைக்கு மேலே, யார் கண்ணிலும் படாத உயரத்தில், ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய இரும்புப் பாலம் இருக்கிறது. அங்கே நின்று திரை இழுப்பது, விளக்கைத் திருப்புவது, கயிறு கட்டுவது எல்லாம் அவளும் இன்னும் மூன்று பேரும்தான். அவர்களை மேய்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டார். அந்த இடம் சித்திக்குக் கிடைக்குமா என்பது சனிக்கிழமை மதியக் காட்சியில் தெரிந்துவிடும்.

புது நாடகம் அது. கடைசியில் மகள் தன் அம்மாவின் காதில் ஒரு வார்த்தை சொல்வாள். சொன்ன நொடியில் மேலேயிருந்து பெரிய வெள்ளைத் துணி ஒன்று மொத்தமாக விழ வேண்டும். சுருட்டி வைத்த துணியைத் தாங்கும் கயிற்றைச் சித்தி அறுக்க வேண்டும். ஒத்திகையில் கத்தரிக்கோலால் வெட்டினாள். 'கிரீச்' என்றது. மகளாக நடித்தவள் சொல்ல வந்த வார்த்தையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

மேடை மேலாளரை எல்லோரும் 'உஷ் சார்' என்பார்கள், அவர் இல்லாதபோது. "அந்த இடத்துல தும்மல் வந்தாக்கூட வீட்டுக்குப் போய்த் தும்மும்மா" என்றார். "கத்தி வாங்கு. ஆனா கீழே ஆள் நிக்குது. மக அம்மா காதுகிட்ட குனியிற வரைக்கும் கத்தி மடங்கியே இருக்கணும்."

ஒரு கை துணியின் நுனியைப் பிடித்திருக்கும். ஆகவே மற்ற கையாலேயே, சத்தமில்லாமல் கத்தியைத் திறக்க வேண்டும். தினமும் பாக்கெட்டில் கிடக்கப் போகிற பொருள் என்பதால் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். குறுகிய பாலத்தில் குனிந்து வேலை செய்யும்போது தடியான கத்தி தொடையில் குத்தும்.

படிப்பு முடிந்து வீட்டில் கால் தரிக்காமல் சுற்றிக்கொண்டிருந்த நானும் கடைக்குக் கூடவே போனேன். கடைக்காரர் இரண்டு மடக்குக் கத்திகளைக் கண்ணாடி மேல் வைத்தார். இரண்டும் பேனா அளவுதான். கறுப்புக் கத்தியின் அலகில் இரு பக்கமும் சின்னக் குமிழ் இருந்தது. கட்டை விரலால் தள்ளினால் அலகு விரிந்து, உள்ளே ஒரு தகடு நகர்ந்து 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். வெள்ளி நிறக் கத்தியில் குமிழும் இல்லை, பூட்டும் இல்லை. நகத்தால் நெம்பி இழுக்க வேண்டும். சத்தமே வராது, ஆனால் இரண்டு கையும் வேண்டும்.

எனக்குக் கறுப்புதான் பிடித்தது. அந்த 'டக்'கைக் கேட்கவே ஐந்தாறு முறை திறந்தேன். சித்தி அதை வாங்கி இடது கையில் பிடித்தாள்.

"வலது கையில பிடிங்கம்மா. பூட்டு வலது கைக்காரங்களுக்குன்னு பண்ணது" என்றார் கடைக்காரர்.

"கல்யாணத்துக்குக் கையெழுத்தே இந்தக் கையாலதான் போட்டேன்" என்றாள் சித்தி.

"அது சரியா வந்துதான்னு சித்தப்பாவைத்தான் கேக்கணும்" என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. ஒன்றைக் கீறல் இல்லாமல் திருப்பித் தருவதாகச் சொல்லி இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தோம்.

காலி அரங்கில் கடைசி வரிசையில், மேடைக்கு முதுகு காட்டி என்னை உட்கார வைத்துவிட்டுச் சித்தி மேடையில் போய் நின்றாள். சத்தம் கேட்டால் நான் கை தூக்க வேண்டும். கறுப்புக் கத்திக்கு ஒவ்வொரு முறையும் தூக்கினேன். மெதுவாகத் திறந்தாலும் கேட்டது. வெள்ளிக்குக் கை தூக்கவே இல்லை. சந்தோஷமாகத் திரும்பினால், சித்தி இரண்டு கையாலும் கத்தியைப் பிடித்திருந்தாள்.

"துணி எங்க சித்தி?"

"பல்லுல" என்றாள் பல்லைக் கடித்தபடியே.

"பல்லு கழண்டு விழுந்தா அந்தச் சத்தமும் கேக்கும்" என்று பக்கவாட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து உஷ் சாரின் குரல் வந்தது.

மறுபடி கறுப்பு. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. "தூங்கிட்டியா?" என்று திரும்பினேன். கத்தி விரிந்திருந்தது.

"எப்பத் திறந்தே?"

"இது மூணாவது தடவை. இங்க வந்து பாரேன்."

ஓடினேன். இடது கட்டை விரல் குமிழைத் தள்ளும்போது, ஆள்காட்டி விரல் நேராகப் பூட்டுத் தகட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது. தகட்டை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அலகை முழுதும் விரித்து, பிறகு விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். தகடு பூனை மாதிரி தன் இடத்துக்கு வந்தது. வலது கையில் நான் முயன்றேன். என் ஆள்காட்டி விரல் கத்தியின் மறுபக்கம் நின்றது. எட்டவே இல்லை.

"ஆனா விரல் வழுக்கினா 'டக்'குனு கேட்டுடுமே" என்றேன்.

"வழுக்கினா வேற ஆள் பாத்துக்குவேன்" என்றார் உஷ் சார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனாலும் வெள்ளிக் கத்தி அன்றே கடைக்குத் திரும்பியது. பேருந்திலும் வீட்டிலும் சித்தி பாக்கெட்டுக்குள் கையை விட்டு விரலைப் பழக்கிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. மகள் அம்மாவிடம் நடந்து வந்தாள். குனிந்தாள். இப்போது மேலே கத்தி வெளியே வந்திருக்கும். பக்கத்து இருக்கைக்காரர் மிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் அதை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டார். மகளின் உதடு அசைந்தது.

துணி விழுந்தது. ஒரு மூலைகூடத் தங்கவில்லை. அதன் காற்றில் முன்வரிசைக்காரர்களின் முடி பறந்தது. அதற்கு முன் எந்தச் சத்தமும் இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்கே கேட்கவில்லை. அப்புறம் எழுந்த கைதட்டலில் என் கைதான் முதலில் சிவந்திருக்கும்.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். ஏணியடியில் உஷ் சார் நின்றிருந்தார்.

"எப்பத் திறந்தே?" என்றார், இறங்கி வந்த சித்தியிடம்.

"கேக்கலையா சார்?"

"கேக்கல." இரண்டடி போய்த் திரும்பினார். "திங்கக்கிழமை சீக்கிரம் வா. இனிமே மத்தவங்களுக்கு நீதான் வேலை பிரிச்சுக் குடுக்கணும்."

சித்தி தலையை மட்டும் ஆட்டினாள். திரைக்கு அந்தப் பக்கம் நடிகர்கள் இன்னும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் மூச்சு விடக் கூடாது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கதவு வழியாகத் தெருவுக்கு ஓடினாள். கதவு மூடியதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அவள் போட்ட கூச்சலில், அந்தப் பக்கமாகப் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றுவிட்டார்.