நாற்பத்தொன்றாம் எண்

என் தம்பி பாப்டிஸ்ட் சபைகளின் வட்டாரச் சங்கத்தில் பத்தொன்பது வருடமாக ஊழியம் செய்கிறான். அவனைப் படிக்க வைத்தது என் தையல் மிஷின் என்பதை ஒரு முறை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அவனுடைய வேலை பலருக்குப் புரியாது. போதகர் இல்லாத சபை, சண்டையில் இரண்டாகப் போன சபை, கூரை ஒழுகும் சபை, எதுவானாலும் கடிதம் போட்டால் போவான். பிரசங்கம் செய்வான், கூட்டக் குறிப்பு எழுதக் கற்றுக்கொடுப்பான், புதுப் போதகரைத் தேடித் தருவான். கூப்பிடாமல் போக மாட்டான்.

"நாங்க உத்தரவு போடுற ஆளுங்க இல்லக்கா. கேட்டா சொல்வோம். ஓட்டு அவங்களோடது" என்பான்.

ஞாயிறுதோறும் ஒரு புது ஊர். யாரோ ஒருவர் வீட்டில் மதியச் சாப்பாடு, பிறகு பேருந்து, பிறகு பூட்டைத் திறந்தால் யாருமில்லாத அந்த ஒற்றை அறை. கல்யாணப் பேச்சை நான் விட்டு எட்டு வருடமாகிறது.

சபைகளுக்கான மாதிரி விதிகளை எழுதியதும் அவன்தான். ஒரு வருடம் வராத உறுப்பினருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். மூன்று மாதத்தில் பதில் இல்லையென்றால் காலாண்டுக் கூட்டத்தில் ஓட்டெடுத்துப் பெயரை நீக்கலாம். யாருக்கும் தலைக்குனிவு வரக் கூடாதென்று பெயரைச் சொல்லாமல் பட்டியல் எண்ணை மட்டும் வாசிக்க வேண்டும்.

எங்கள் சபையில் போன கூட்டத்தில் புதுச் செயலர் மூன்று எண்கள் வாசித்தார். எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். நாற்பத்தொன்று என் தம்பி.

அந்தச் செயலருக்கு அவன் முகமே தெரியாது. கடிதத்தைச் சங்க அலுவலகத்துக்குத்தான் அனுப்பியிருந்தார். உறை பிரிக்கப்படாமல் அவன் மேஜையில் கிடந்தது.

"ஏன்டா பிரிக்கல?"

"நம்ம சபை உறைதானே, அங்க என்ன பிரச்சினை இருக்கப்போகுதுன்னு கடைசில வெச்சேன்."

ஒரு சபையிலும் உறுப்பினராக இல்லாதவன் சங்கத்தில் ஊழியம் செய்ய முடியாது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அதைச் சரிபார்ப்பார்கள்; அதற்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

"செயலர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்டா."

"நான் சொன்னா சங்கம் சொன்ன மாதிரி ஆயிடும். சபை மேல சங்கம் கை வைக்கக் கூடாதுக்கா."

"ஊழியக்காரனா போகாத. என் தம்பியா போ."

"அங்க என்னைத் தம்பியா யாருக்குத் தெரியும்?"

நானே போனேன். செயலர் மரியாதையாக விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். நீக்கிய பெயரை மூன்று மாதம் கழித்துத்தான் சேர்க்கலாம். அதுவும் என் தம்பி எழுதியதுதான்.

அடுத்த ஞாயிறு அவனோடு நானும் போனேன். சைக்கிள் கடைக்கு மேல் மாடி, ஒன்பது பேர் கொண்ட சபை. சலவைக் கடை நடத்தும் அம்மாள் அங்கே செயலர். இனித் தன்னால் வர முடியாமல் போகலாம் என்று ஆராதனை முடிந்ததும் காரணத்தோடு சொன்னான். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கொஞ்சம் வெளியில நில்லுங்கய்யா. சபைக்கு ஒரு பேச்சு இருக்கு."

ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு அவரைப் பற்றி ஓட்டெடுப்பது, எத்தனையோ சபைகளில் அவன் நடத்திக்கொடுத்த சடங்கு. அன்றைக்குப் படிக்கட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு அவனே உட்கார்ந்திருந்தான். கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடம் ஆனது.

கதவு திறந்தது.

"சேர்த்துக்கிட்டோம். ஒரே ஒரு கேள்வி வந்துச்சு, நீங்க ஞாயிறு ஞாயிறு வர மாட்டீங்களேன்னு."

"வர மாட்டேன்தான்."

"அதான் விதியில ஒரு வரி சேர்த்தோம். வேற சபைக்கு உதவப் போற ஞாயிறு, இங்க வந்த ஞாயிறா எண்ணப்படும்."

"விதியை மாத்த மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணுமேம்மா."

"ஒம்போது பேரும் கை தூக்கினோம். குறிப்பும் எழுதியாச்சு. நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே, எங்களையே பரீட்சை பண்றீங்களா?"

அவன் சிரித்தான். பத்தாம் எண்ணுக்கு எதிரே கையெழுத்துப் போட்டான். இரண்டு மணிப் பேருந்தில் அவனை ஏற்றிவிட்டேன். அடுத்த ஞாயிறு அவனுக்கு வேறு ஊர்.

எங்கள் சபையில் என் பக்கத்து நாற்காலி இப்போதும் காலிதான். காலாண்டுக் கூட்டத்தில் எண் வாசித்தால் நான் எழுந்து, "அது யாரு?" என்று கேட்கிறேன். சொன்ன பிறகுதான் கை தூக்குவதா என்று யோசிக்கிறேன்.