மீன் ஆயும்போது வரும் யோசனை

"இன்னாடி, துக்கத்த அளக்கப் போறியா? கிலோவா, கிராமா?"

போன மாதம் இப்படிக் கேட்டது கஸ்தூரி அக்கா. சேலையூர் பக்கம் மீன் விற்பவர். என் அம்மாவுக்கு அடுத்த கடை. மார்க்கெட்டே சிரித்தது... அம்மா உட்பட!

நான் உளவியல் ஆராய்ச்சி மாணவி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் — இந்தப் பத்தியில் இதைச் சொல்லாமல் எனக்கு ஒரு வாரம் ஓடாது என்று தொடர்ந்து படிக்கும் உங்களுக்குத்தான் தெரியுமே!

சோகம் வந்தால் சிலர் அதையே திரும்பத் திரும்ப நினைப்பார்கள். சிலர் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். யார் எவ்வளவு என்று அளப்பதுதான் என் ஆய்வு. அதற்காக நானே எழுதிய கேள்வித்தாளை, முதலில் பத்து மீன்காரப் பெண்களிடம் சோதித்துப் பார்த்தேன்.

"மனசு கஷ்டமா இருந்தா, தனியாப் போய் உக்காந்து அதையே நினைப்பீங்களா?"

"இல்லவே இல்ல. எழுதிக்கோ" என்றார் கஸ்தூரி அக்கா.

மற்ற ஒன்பது பேரும் அதே பதில். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடலுக்குப் போன கணவர் திரும்பவே இல்லை, அக்கா அசரவில்லையே!

என் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு மேடம் அசந்துபோகவில்லை. "பத்துப் பேரும் ஒரே பதிலா? கேள்வியில ஏதோ தப்பு. சரி பண்ணாம ஆய்வை ஆரம்பிக்காதீங்க."

மறுநாள் மார்க்கெட்டில் போய் நின்றேன். அக்கா வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நிஜமாவே அவரை நினைக்கிறதில்லையா?"

கை நிற்கவில்லை.

"தனியா குந்திகினு நெனப்பியான்னுதானே கேட்ட? தனியா குந்த எனக்கு எங்கடி நேரம் கீது? மீன் ஆயும்போதுதான் வருவாரு. அன்னிக்கு போவாதன்னு சொல்லியிருக்கலாமேன்னு... தெனமும் அதான். யார்னா வெல கேட்டா சொல்லுவேன். அப்பறம் வுட்ட எடத்துலேந்து மறுபடியும் நெனப்பேன்."

தனியாக உட்கார ஓர் அறையும், சாத்த ஒரு கதவும் உள்ளவர்களுக்கான கேள்வியை எழுதியிருக்கிறேன். அதுவும் யார்? மீன் கூடைக்குப் பக்கத்திலேயே வளர்ந்த நான்!

துக்கமே இல்லாதவர் என்று அக்காவை மெச்சினேன். இவ்வளவையும் நினைத்துக்கொண்டு, ஒரு துண்டுகூடக் கோணாமல் வெட்டுகிறாரே... மெச்ச வேண்டியது இதையல்லவா?

"கை வேலை செய்யும்போது மனசு அதையே நினைக்குமா?" — கேள்வியை மாற்றி, அதே பத்துப் பேரிடம் போனேன். 'எப்பவாவது' என்றார்கள் சிலர். 'அடிக்கடி' என்றார்கள் இரண்டு பேர். இரண்டு பேர் மட்டும் இப்போதும் 'இல்லவே இல்ல.' கஸ்தூரி அக்கா, "எப்பவும்."

மேடம் சரி சொல்லிவிட்டார். இதை எழுதுவது தாம்பரத்திலிருந்து கோவளம் போகும் பஸ்ஸில். மடியில் அங்குள்ள மீன்காரப் பெண்களுக்கான நூறு படிவங்கள். எல்லாவற்றிலும் கடைசியாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்:

"நான் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா?"