பேசாத மனிதர்களின் படம்

கல்யாணமான புதிதில் என் மனைவியைச் சேலத்துக்குப் படம் பார்க்கக் கூட்டிப் போனேன். எழுபதுகளின் கடைசி அது. நான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் அதே மலையில் தலைச்சோலை ஊர்க்காரி. அதுவரை மலையை விட்டு மூன்று தடவைதான் கீழே இறங்கியிருந்தாள். மூன்றும் ஆஸ்பத்திரிக்கு. அதனால் அன்றைக்கு விடியும் முன்பே குளித்து, கல்யாணப் புடவையையே மறுபடி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நாங்கள் போன தியேட்டரில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. அடுத்த ஆட்டம் வரைக்கும் நின்றால் கடைசி பஸ் போய்விடும். அவள் முகம் சுருங்கியதைப் பார்க்கப் பொறுக்காமல், அதே தெருவில் இன்னொரு தியேட்டருக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஓடியது இங்கிலீஷ் படம். வாசலில் தொப்பி வைத்த ஒருவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் போஸ்டர். எனக்கே இங்கிலீஷ் தெரியாது. அவள் பாதியில் தூங்கிவிடுவாள், பாவம் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

அவள் தூங்கவில்லை. நாற்காலி நுனிக்கு வந்து, முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மரமே இல்லாத செம்மண் பூமி. திரை முழுக்க ஒரே ஒரு முகம், வியர்வையும் தாடியும் புழுதியுமாக. அந்த முகம் பேசாது. எதிரில் நிற்பவனும் பேசமாட்டான். ஈ பறக்கிற சத்தம் கேட்கும். தூரத்தில் யாரோ சீட்டி அடிப்பது போல ஒரு பாட்டு ஆரம்பிக்கும். நம் படத்தில் இதற்குள் பத்து வசனம் பேசி முடித்திருப்பார்கள். இவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். துப்பாக்கி வெடித்தபோது அவள் பயப்படவில்லை. வெடிப்பதற்கு முன்னால்தான் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

திரும்பும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணறி ஏறிக்கொண்டிருக்கும்போது, அவள் எனக்குக் கதை சொன்னாள். ஒரு வார்த்தை புரியாமல் பார்த்த படத்துக்கு முழுக் கதை. அந்தத் தொப்பிக்காரனுக்கு ஒரு தம்பி இருந்தான், அவனைக் கொன்றவனைத் தேடித்தான் இத்தனை தூரம் குதிரையில் வருகிறான் என்றாள். தம்பியைப் படத்தில் காட்டவே இல்லையே என்று கேட்டேன்.

"காட்டோணுங்களா? அவன் கண்ணைப் பாத்தீங்கல்ல. ஊட்டுல ஒருத்தரைப் பறிகுடுத்தவன் கண்ணுங்க அது."

இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தாள். அந்தப் படத்தில் வாய் முதலில் மூடிக்கொள்கிறது, பேச்சு பிறகு வருகிறது என்றாள். நான் கவனிக்கவே இல்லை. அடுத்த தடவை பார்த்தபோது அது உண்மை என்று தெரிந்தது.

ஆமாம், அடுத்த தடவையும் பார்த்தோம். பழைய படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டும் தியேட்டர் ஒன்று சேலத்தில் இருந்தது. ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் படம் வரும். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் ஏதாவது சாக்குச் சொல்லி லீவு வாங்குவேன். நாலு தடவை போனோம். காப்பிப் பழம் பறிக்கும் வேலைக்குப் போகிற காலத்தில் அவள் கூடப் பறிக்கிற பெண்களுக்கு அந்தக் கதையைச் சொல்வாள். வில்லன் சேர்வராயன் கோயில் திருவிழாவில் வம்புக்கு நிற்பவன் மாதிரி பேசுவான். தொப்பிக்காரன் மட்டும் அவள் கதையிலும் பேசமாட்டான். அந்த இடம் வந்ததும் அவள் பறிப்பதை நிறுத்திவிட்டு உதட்டைக் குவித்துச் சீட்டி அடிப்பாள் என்று கேள்விப்பட்டேன். என் முன்னால் ஒரு நாளும் அடித்ததில்லை.

அவளுக்கு அந்த மனிதனின் துக்கம் பிடித்திருந்தது. எனக்குப் பிடித்தது வேறு. அவன் யாருக்கும் பதில் சொல்லாமல் நடந்து போகிறானே, அது பிடித்திருந்தது. நான் பிறவியிலேயே வாயில்லாதவன். பள்ளிக்கூடத்திலும் வேலையிலும் அதைக் குறையாகத்தான் சொன்னார்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அது எனக்குக் கௌரவமாகிவிட்டது. தீக்குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு ஜீப்பைக் கிளப்பினேன். மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு தடவை அவளுக்குக் கரு தங்காமல் போனது. இரண்டு தடவையும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வெளியே போய் ஜீப்பைக் கழுவினேன்.

ஒரு சீசனில் கோடை விடுமுறைக்கு வந்த ஒரு வாத்தியாரை ஊர் சுற்றிக் காட்ட எஸ்டேட்டில் என்னை அனுப்பினார்கள். பேச்சுவாக்கில் அந்தப் படம் வந்தது. அவருக்கு அது மனப்பாடம். அது அமெரிக்கப் படமே இல்லை, இத்தாலிக்காரர்கள் எடுத்தது, ஆளுக்கொரு பாஷையில் பேசி நடித்ததற்குப் பிறகு சத்தம் சேர்த்தார்கள், அதனால்தான் வாய் பொருந்தாது என்றார். கதையையும் சொன்னார். தம்பி என்று யாருமே இல்லை. அந்தத் தொப்பிக்காரன் புதையலுக்காகத்தான் வருகிறான்.

இத்தாலி விஷயத்தை மட்டும் அவளிடம் சொன்னேன். "எந்த ஊரா இருந்தா என்னங்க, வெய்யிலு வெய்யிலுதானுங்களே" என்றாள். புதையலைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் மனசு கெட வேண்டாம் என்று பட்டது. அவளிடம் நான் மறைத்த முதல் விஷயம் அது. சின்ன விஷயம்.

எண்பதுகளின் நடுவில் அவளுக்கு வயிற்று வலி வந்தது. முதலில் கஷாயம், பிறகு பஜாரில் வாங்கிய மாத்திரை. குறையவில்லை. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மூன்று தடவை போய்ப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு, டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். கட்டி பரவிவிட்டது, அறுத்தாலும் பிரயோஜனம் இல்லை, ஆறு மாசம், மிஞ்சினால் எட்டு என்றார். வீட்டில் எப்படிச் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள் என்று தோளில் கை வைத்தார். நல்ல மனிதர்.

அவள் வராந்தா பெஞ்சில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"புண்ணுதானாம். மாத்திரையில ஆறிடுமாம்."

அவ்வளவுதான் சொன்னேன். மலை ஏறும் வரைக்கும் வேறு எதுவும் பேசவில்லை. நான் பேசாமல் வந்ததை அவள் புதிதாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. வருஷக்கணக்காக நான் அப்படித்தானே.

புண் ஆறப்போகிறது என்று நம்பி அவள் வேலைகளைப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்ற வேண்டும் என்றாள். குழி நான்தான் வெட்டிக் கொடுத்தேன். கொடி காய்க்க மூன்று வருஷம் ஆகும் என்று அவளே சொல்லிக்கொண்டு மண்ணை மிதித்து அழுத்தினாள். நான் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவளுக்கு ஒரே தங்கை. கொல்லிமலையில் கட்டிக் கொடுத்திருந்தது. பார்த்து நாலு வருஷம் இருக்கும். தங்கைக்கு இரண்டாவது குழந்தை பிறந்த சேதி வந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு ராத்திரி முழுக்க யோசனை.

"இப்ப எதுக்குங்க? ஒடம்பு தேறட்டும். அடுத்த வருசம் கொழந்தை நடக்கறப்பப் போனா நொம்ப நல்லாருக்கும்."

சரி என்றேன். அந்தச் 'சரி' இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போது வாயைத் திறந்திருந்தால் அந்த வாரமே ஜீப்பில் கூட்டிப் போயிருக்கலாம். ரைட்டர் வண்டி கொடுத்திருப்பார். தங்கையையாவது வரச்சொல்லிக் கடிதம் போட்டிருக்கலாம். போட்டால் இவள் ஏன் என்று கேட்பாள் என்று அதையும் செய்யவில்லை.

மழைக்காலத்துக்குள் மிகவும் இளைத்துவிட்டாள். ஒரு நாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் படம் சேலத்தில் ஓடுகிறதா என்று கேட்டாள். விசாரித்தேன். ஓடவில்லை. பஜாரில் ஒரு பாய் வீடியோ கேசட் கடை வைத்திருந்தார். அவரிடம் போய்ப் படத்தின் பெயர் சொல்லத் தெரியாமல், தொப்பிக்காரனையும் சீட்டியையும் சொன்னேன். பாய்க்குப் புரிந்துவிட்டது. பெங்களூரில் யாரிடமோ சொல்லிவைத்து, இரண்டு வாரத்தில் கேசட்டை வரவழைத்தார். டிவியையும் டெக்கையும் அவரே என் ஜீப்பில் ஏற்றி வீட்டுக்கு வந்து, கம்பிகளை மாட்டிக் கொடுத்துவிட்டு, கட்டிலில் கிடந்தவளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். வெளியே மழை. தலையணைகளை அடுக்கி அவளைச் சாய்த்து உட்கார வைத்தேன். நகலுக்கு நகல் எடுத்த கேசட். வானம் பச்சையாகத் தெரிந்தது, முகங்கள் நடுங்கின. ஆனாலும் அந்தக் கண்கள் அப்படியே இருந்தன. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களில் பலமே இல்லை. பாதிப் படத்தில் கரண்ட் போயிற்று.

இருட்டிய அறையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல், அணைந்துபோன டிவியைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஏனுங்க, அந்தாளு பேசாம இருக்கறது மனசுல பாரம் இருக்கறதால. நீங்க பேசாம இருக்கறது பயத்துல. எனக்குத் தெரியுமுங்க."

நான் போர்வையை அவள் கால் மேல் இழுத்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்கன்னு உங்க வாயால ஒருக்காச் சொல்லிப்போடுங்க. நாங் கேட்டுக்கறேன். அழுவமாட்டேன்."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் வார்த்தை தொண்டைக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் கரண்ட் வந்தது. டிவி படபடவென்று உயிர் பெற்றது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பினோம். அவள் என்னைப் பார்த்தாள், காத்திருந்தாள். நான் எழுந்து போய் டெக்கின் பொத்தானை அழுத்தினேன். மீதிப் படம் ஓடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைக்க முயன்றேன். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பதினெட்டாம் நாள் காலையில் போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாளாம். நான் எஸ்டேட் ஆபீசில் டீசல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தங்கைக்குத் தந்தி கொடுத்தோம். கைக்குழந்தையோடு மலை இறங்கி, பஸ் மாறி, மறுநாள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காலியான கட்டிலைப் பார்த்துவிட்டு அவள் கத்தி அழவில்லை. எத்தனை நாளாக உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டாள். அவர்கள் சொன்னார்கள். பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எட்டு மாசங்க மாமா. ஒரு கடுதாசி போடக்கூடாதுங்களா?"

அந்தக் குழந்தையைப் பார்த்தேன். அக்காவின் நெற்றி அதற்கு.

மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் கிளம்பிவிட்டாள். ஜீப்பில் சேலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கொண்டுபோய் விட்டேன். மலையை விட்டு இறங்க ஆரம்பித்ததும் எனக்கு என்னவோ ஆயிற்று. பேச ஆரம்பித்தேன். டாக்டர் சொன்னது, நான் சொன்ன பொய், மிளகுக்குழி, அடுத்த வருஷம் என்று அவள் அக்கா தள்ளிப்போட்டது, நான் சரி என்றது, மழை நாளில் அவள் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியதில்லை. நடுவில் கண் மறைத்து, வண்டியை ஓரங்கட்டி நிறுத்த வேண்டியிருந்தது. அப்போதும் பேசினேன். அவள் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் அவளுடைய பையை நான் தூக்கி வந்தேன். அதை வாங்கிக்கொண்டாள்.

"இதையெல்லாம் அக்காகிட்டச் சொல்லியிருக்கோணுங்க மாமா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. எனக்காக வருத்தப்படுவது போலத்தான் சொன்னாள். நாமக்கல் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்து, குழந்தைக்கு வெயில் படாமல் ஜன்னலில் துண்டைக் கட்டிக்கொண்டாள்.