சலவைக்கூடத்து ஸ்பானிஷ்

எங்கள் அண்ணிக்கு வாய் ஓயாது. தப்பான எண்ணுக்குப் போன் போட்டவரிடம்கூட "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். அப்படிப்பட்டவள், அண்ணனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய் இறங்கியதும் ஊமையாகிப் போனாள். அண்ணன் கிடங்கு வேலைக்கும் மகள் கல்லூரிக்கும் கிளம்பிவிட்டால் பேச ஆள் கிடையாது. சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் நீளமான கூடம். ஒரு பக்கம் ஆள் உயர இயந்திரங்கள். மறுபக்கம் படுக்கை விரிப்பு மடிக்கிற மேசைகள். ஈரத்துணி வண்டிகளைத் தள்ளிவர நடுவில் ஒரு சாய்தளம். அங்கே வேலை பார்த்தவர்கள் அநேகமாக எல்லாருமே மெக்சிகோக்காரர்கள். பேச்சு முழுக்க ஸ்பானிஷ்.

மகள் போனில் ஸ்பானிஷ் சொல்லித்தரும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். "பூனை பால் குடிக்கிறது" என்று அண்ணி பாத்திரம் துலக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் சலவைக்கூடத்தில் எந்தப் பூனையும் பால் குடிக்கவில்லை. ஆப்பில் பஸ்ஸுக்கு 'ஆட்டோபூஸ்' என்று இருந்தது. இவர்களோ 'காமியோன்' என்றார்கள். காமியோன் என்றால் லாரி என்று படித்திருந்த அண்ணி, "பாவங்க, அத்தனை பேரும் லாரியில ஏறித்தான் வீட்டுக்குப் போறாங்க" என்று அண்ணனிடம் உருகியிருக்கிறாள்.

இஸ்திரி இயந்திரத்தில் நின்றவள் கோர்தா. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் குண்டம்மா. தன் பெயரென்று அவளே அப்படித்தான் சொன்னாள். அவர்களிடையே அது செல்லப் பெயராம். அண்ணியை மேலும் கீழும் பார்த்துவிட்டு 'ஃப்ளாகா' என்று பெயர் வைத்தாள். ஒல்லிக்குச்சி! பள்ளிக்கூடத்தில் 'ஈர்க்குச்சி' என்று பெயர் வாங்கியிருந்த அண்ணிக்கு அது உறுத்தவில்லை.

கோர்தா எதற்கெடுத்தாலும் "நோ மான்சேஸ்!" என்பாள். அகராதிப்படி 'கறை பண்ணாதே'. துணி வெளுக்கிற இடத்தில் அப்படிச் சொன்னால் யார்தான் தன் கையைப் பார்க்கமாட்டார்கள்? அண்ணி ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவாள். அது வெறும் 'அட, போடி!' என்று தெரிய வருவதற்குள் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

இதுவரை சிரிப்புத்தான். ஒருநாள் சாய்தளத்தின் மேலே ஒரு வண்டி கைநழுவிவிட்டது. கீழே, முதுகைக் காட்டியபடி அண்ணி. கோர்தா தொண்டை கிழியக் கத்தினாள்: "அகுவாஸ்! அகுவாஸ்!"

அகுவா என்றால் தண்ணீர் என்று ஆப் முதல் பாடத்திலேயே சொல்லியிருந்தது. யாருக்கோ தாகம் என்று நினைத்து அண்ணி குழாய்ப் பக்கம் திரும்பினாள். வண்டி காலில் மோதியது. மெக்சிகோக்காரர்கள் வாயில் 'அகுவாஸ்' என்றால் 'பார்த்து! விலகு!' என்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அவளுக்குத் தெரிந்தது. கணுக்கால் எலும்பு முறிந்து முழங்கால் வரை மாவுக்கட்டு.

அடுத்த வாரம் கோர்தா வீடு தேடி வந்தாள். கட்டைப் பார்த்ததும் அவள் கண் தளும்பியது. தலையைக் குனிந்துகொண்டு, "மே தா பேனா" என்றாள்.

அண்ணிக்கு ஆச்சரியம். "ஏய், இவ 'பேனா தா'ன்னு தமிழ்ல கேக்குறாடி! கட்டுல கையெழுத்துப் போடணுமாம்" என்று மகளிடம் சொல்லி, மேசையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினாள். கோர்தா பேனாவைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், ஒன்றும் புரியாமல் வாங்கிக்கொண்டாள்.

மகள் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, பேனான்னா துக்கமாம்" என்றாள். உடனே அண்ணி, "ஐயோ, உங்க வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?" என்று கோர்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் அதை எப்படியோ ஸ்பானிஷில் கேட்டுவைக்க, கோர்தா அழுகையை மறந்து விழித்தாள்.

"யாரும் சாகலை. எங்க பேச்சுல அது கூச்சம். உன் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமா இருக்கு. நான் வேற வார்த்தை சொல்லிக் கத்தியிருந்தா நீ விலகியிருப்பே."

மகள் ஒவ்வொன்றாக மாற்றிச் சொல்லி முடித்ததும் அண்ணி, "சங்கடம்னு முதல்லயே சொல்லக் கூடாதா? எங்களுக்கும் அதுல துக்கம், கூச்சம்னு ரெண்டு அர்த்தமும் இருக்கே" என்றாள். கோர்தா கையிலிருந்த பேனாவால் மாவுக்கட்டில் ஒரு கோணல் பூ வரைந்தாள். மூன்று பேரும் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

அன்றிலிருந்து கட்டுப் பிரிக்கும் வரை கோர்தா வேலை முடிந்து நேராக அங்கேதான் வந்தாள். தலை வாரிவிட்டாள், குளிக்க வைத்தாள், துணி துவைத்துப் போட்டாள். கூடவே பேச்சும் சொல்லிக்கொடுத்தாள். கடைக்குப் போகும்போது "அவோரித்தா" என்பாள். 'இந்த நிமிஷமே' என்று அர்த்தம். ஆறிப்போன டீயோடு அண்ணி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "உங்க அண்ணனோட 'இதோ வந்துட்டேன்' மாதிரிதான்னு வெச்சுக்கோயேன்" என்று எனக்குப் போனில் விளக்கினாள்.

கால் தேறி வேலைக்குத் திரும்பியபோது, கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற மூலையை அண்ணிக்குக் கொடுத்தார்கள். கூடத்திலேயே உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான். மேலாளர் நல்ல மனுஷர் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் இயந்திரம் ஓட்டுகிறவர் கோர்தாவிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "முழங்கால் இப்படி வீங்கியிருக்கு. கேட்டுக் கேட்டு வாங்கின தையல் நாற்காலியை எதுக்கு அந்த ஒல்லிக்குச்சிக்கு விட்டுக்கொடுத்தே?"

ஆப் இல்லாமல், மகள் இல்லாமல், அண்ணிக்கு முழுசாகப் புரிந்த முதல் ஸ்பானிஷ் பேச்சு அதுதான். முழங்கால், நாற்காலி, ஒல்லிக்குச்சி. தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து போனாள்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நோ மான்சேஸ். போய் வேலையைப் பாரு."

"வாடி, வந்து உட்காரு."

"மாட்டேன்."

கடைசியில் அண்ணிதான் ஜெயித்தாள். காலையில் ஒருத்தி, சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொருத்தி என்று முடிவானது. மேலாளரிடம் அதைச் சொல்லி ஒத்துக்கொள்ள வைத்ததும் அண்ணிதான், ஸ்பானிஷில். தப்பும் தவறுமாகத்தான் பேசினாளாம். ஆனால் வாய் திறந்துவிட்டது. அப்புறம் அவளை நிறுத்த யாரால் முடியும்?

போன மாதம் பேசும்போது சொன்னாள். "நன்றிங்கறதுக்கு உங்க பாஷையில என்னன்னு கோர்தா கேட்டா. சொன்னேன். ஆனா வீட்டு ஆளுங்களுக்குள்ள நாங்க அதைச் சொல்லிக்க மாட்டோம்னும் சொன்னேன். அப்படியா, அப்ப எனக்கும் வேண்டாம்னுட்டா."

பேச்சு மறுபடி அந்தக் காலுக்கே வந்தது.

"அந்தக் கால் உடையலேன்னா நான் இன்னும் அந்தப் பூனைக்குப் பால் ஊத்திக்கிட்டுத்தான் இருந்திருப்பேன், தெரியுமா?" என்றாள். பிறகு, வாசலில் யாரோ வருகிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.