முனிரத்தினம் குளிரில் ஓடிய விதம்

வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். வார்ப்படப் பிரிவு மேஸ்திரி டைம் ஆபீஸ் ஜன்னலண்டை வந்து நின்று, "சார், முனிரத்தினம் கார்டை எடுத்துடுங்க" என்றார். லீவு நீட்டிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, "இன்னும் எத்தனை நாளாம்?" என்று கேட்டேன். மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். பதினோரு நாளாக மஞ்சள் காமாலை. அன்று விடிகாலை ஆஸ்பத்திரியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. வராதவர்கள் வரிசையில் இருந்த அவருடைய கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதற்குமேல் அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முனிரத்தினம் எங்கள் தொழிற்சாலையில் வார்ப்படத் தொழிலாளி. மர்பி டவுனில் ஒற்றை அறை வீடு, மனைவி கன்னியம்மா, ஒன்பதாவது படிக்கும் ஒரு மகள். நெடுந்தூரம் ஓடுவதில் அவருக்கு இணையானவர் எங்களிடம் இல்லை. என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவர் என்னை 'சார்' என்பார், நான் அவரை 'வாப்பா, போப்பா' என்பேன். டைம் ஆபீஸ் குமாஸ்தா, மூன்று தலைமுறையாக மைசூர் அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பத்துப் பிள்ளை என்கிற மிதப்பு எனக்கு. செத்த பிறகு 'அவர், இவர்' என்று எழுதுகிறேன். எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்த சமயம். நானும் ஓட்டக்காரனாக வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு மார்கழி விடியலில் அல்சூர் ஏரிக்கரைக்குப் போனேன். கம்பளி ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லாய், போதாக்குறைக்கு அம்மா சுற்றிவிட்ட சால்வை. முனிரத்தினம் ஒரு பனியன், அதன்மேல் பழைய சட்டை, கால்சட்டை, கைகளில் கிழிந்த காலுறை என்று நின்றுகொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊட்டிக்கா சார் பயணம்?" என்றார்.

இரண்டாவது சுற்றிலேயே ஸ்வெட்டர் வியர்வையில் ஊறிவிட்டது. மூச்சு வாங்க நின்றேன். ஏரிக்காற்று பட்டதும் உடம்பு வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. அவர் ஓடிவந்து ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி, டீக்கடையில் கொடுத்து வைத்திருந்த தம்முடைய உலர்ந்த பனியனை எனக்குப் போட்டுவிட்டார்.

"கிளம்பறப்ப குளுரணும் சார். கிளம்பறப்பவே சொகமா இருந்தா பாதி வழியில வெந்துடுவீங்க. அப்புறம் நின்னா அந்த ஈரமே ஆளைப் போட்டுடும்."

குளிரில் ஓடுவதில் இவ்வளவு விஷயம் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. போகும்போது எதிர்காற்றில் போய், வியர்த்த பின் காற்று முதுகில் படும்படி திரும்ப வேண்டும் என்பார். காதையும் விரலையும் மூடினால் மற்ற உடம்பு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். முழங்காலுக்கு வெதுவெதுப்பான நல்லெண்ணெய். நின்ற மறு நிமிஷம் ஈரப் பனியனை மாற்றியாக வேண்டும், பேச்செல்லாம் அப்புறம்தான்.

எல்லாவற்றையும்விட அவர் நம்பியது செய்தித்தாளை. ஒரு தாளை நாலாய் மடித்து, பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில் நெஞ்சுப் பக்கம் செருகிக்கொள்வார். எந்தக் காற்றும் உள்ளே புகாது. உடம்பு சூடானதும் உருவி இடுப்பில் சொருகிக்கொண்டு, டீ குடிக்கும்போது பிரித்து எழுத்துக்கூட்டிப் படிப்பார். "உங்க வீட்டு இங்கிலீஷ் பேப்பர்தான் சார் லாயக்கு. நல்ல அகலம், விலா வரைக்கும் வருது. படிக்கத்தான் வரல" என்பார். அப்பா படித்து முடித்ததை அவருக்காக நான் எடுத்துப் போவது வழக்கமாயிற்று. நானும் அப்படியே செருகிக்கொண்டுதான் ஓடினேன்.

அடுத்த டிசம்பரில் தொழிற்சாலைகளுக்கிடையே எட்டு மைல் சாலை ஓட்டம் வந்தது. எங்கள் ஆட்கள் ஐந்து பேர். அதில் முனிரத்தினம் ஒருவர்தான் தற்காலிகம். எங்கள் ஐவரில் முதல் மூன்று பேருக்குள் அவர் வந்துவிட்டால் வேலையை நிரந்தரமாக்குவதாக மானேஜர் சொல்லியிருந்தார். கன்னியம்மா அப்போது நிறைமாதம். வேலை நிரந்தரமானால் ஆஸ்பத்திரி வசதி உண்டு, ஆட்குறைப்புப் பயம் இல்லை. "இந்த ஒரு ஓட்டம் சார். இதுல வந்துட்டா ராத்திரி நிம்மதியா தூங்குவேன்" என்றார். அவர் வருவதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஓட்டத்துக்கு முந்தின நாள் டிபன் வேளையில் விளையாட்டுச் செயலாளர் எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். பெரிய அதிகாரி. அவரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு அரிப்பு. முனிரத்தினம் நெஞ்சில் பேப்பர் கட்டிக்கொண்டு ஓடுவதை, சரசரவென்று வாயால் சத்தம் எழுப்பி, கையை ஆட்டி நடித்துக் காட்டினேன். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் பேப்பர் கட்டிக்கொண்டு ஓடுகிறவன்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

மறுநாள் கப்பன் பார்க்கில் தூறலும் வாடைக்காற்றும். கம்பெனி பெயர் போட்ட புது ஜெர்சி, கையில்லாதது, வலை மாதிரி மெல்லிசு. ஒரு வாரமாக முனிரத்தினத்துக்கு இருமல் வேறு. நான் கொண்டுபோன இரண்டு தாள்களில் ஒன்று பழையது, கசங்கி மெத்தென்று இருந்தது. இன்னொன்று அன்றையது. மரத்துக்குப் பின்னால் என்னை நிறுத்தி, பழையதை என் ஜெர்சிக்குள் அவரே செருகிவிட்டார். "புதுசு மடிப்பு நெஞ்சை உறுத்தும் சார். அது எனக்கு இருக்கட்டும்" என்றார்.

ஓட்டக்காரர்கள் வரிசையில் நின்றோம். செயலாளர் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு வந்தார். நேராக முனிரத்தினத்திடம் போய் நெஞ்சில் தட்டினார். சரசரத்தது. "என்னய்யா இது? கம்பெனி ஜெர்சியா, குப்பைத் தொட்டியா?" என்று கழுத்துப் பக்கம் கையை விட்டுத் தாளை உருவி எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். சிரிப்பு கிளம்பியது. "வேற யார்கிட்டயாவது இருக்கா? இருந்தா இப்பவே எடுத்துடுங்க" என்றார்.

முனிரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நான் மாட்டிக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும். நானோ எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன்.

ஆறு மைல் வரை அவர்தான் முன்னால். அதன் பிறகு இருமல் பிடித்துக்கொண்டது. இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு ஓடினார். அப்படி ஓடினால் யாரால் வேகம் எடுக்க முடியும்? எங்கள் ஆட்கள் இருவர் அவரைத் தாண்டிப் போனார்கள். கடைசி அரை மைலில் நான் அவருக்குப் பின்னால் வந்துவிட்டேன். என் வேலை ஏற்கெனவே நிரந்தரம். மூன்றாவது இடத்தால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நின்று ஷூ நாடாவைக் கட்டியிருந்தால் போதும், அவர் பிழைத்திருப்பார். என் உடம்பு கதகதப்பாக இருந்தது, கால் சொன்னபடி கேட்டது. தாண்டி ஓடினேன். எங்கள் ஐவரில் நான் மூன்றாவது, அவர் நான்காவது. எனக்கு ஒரு பிளாஸ்க் கொடுத்தார்கள்.

அவர் வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று வருஷம் பிடித்தது. நடுவில் இரண்டு முறை ஆட்குறைப்பில் வெளியே போய், ரஸ்ஸல் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அந்த ஓட்டத்துக்கு மறுநாள் காலை, எப்படியும் வரமாட்டார் என்ற தைரியத்தில்தான் ஏரிக்கரைக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். "காதை நல்லா மூடிக்குங்க சார், காத்து ஜாஸ்தி" என்றார். அவ்வளவுதான். கடைசி வரையில் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை, எடுக்க எனக்கும் வாய் வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ மார்கழிகள் சேர்ந்து ஓடியிருக்கிறோம்.

வியாழன் மத்தியானம் மர்பி டவுன் போனேன். கூட்டத்தில் கன்னியம்மா என்னைக் கண்டுகொண்டு, கோலார் தங்கவயலிலிருந்து வந்திருந்த தம் அண்ணனிடம் அழுதபடியே சொன்னார்: "அண்ணே, டைம் ஆபீஸ் சார் இவர்தான். அன்னிக்கு அத்தனை பேர் சிரிச்சப்ப, இவர் ஒருத்தர்தான் முன்னால வந்து, 'என் சட்டையிலயும் பேப்பர் இருக்கு, என்னையும் நிறுத்துங்க'ன்னு அந்த ஆபீசர்கிட்ட சொன்னாராம். புள்ளைக்குக்கூட சொல்லிச் சொல்லி வளர்த்தாரு."

அந்த மனிதர் எழுந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். மகள் பெஞ்சைத் துடைத்து என்னை உட்கார வைத்து டீ கொடுத்தாள். நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகளை, ஒன்று விடாமல், நான் சொன்னதாகவே அவர் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். எனக்காகவா, சிரித்த கூட்டத்தில் தமக்கென்று ஒருவராவது இருந்ததாக மனைவி நம்பட்டும் என்றா, தெரியவில்லை. இனிமேல் கேட்க வழியில்லை. உடல் பக்கத்தில் கிடக்கிறது. இல்லையம்மா, நான் சொல்லவில்லை என்று அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு, சுடுகாடு வரை போய் வந்தேன். என்ன ஜென்மமோ நான்.

தொழிற்சாலை மலருக்கு இரண்டு பக்கம் நல்லபடியாக எழுதித் தரச் சொன்னார்கள். நல்லபடியாக எழுத இதுதான் இருக்கிறது. ஆனால் ஊர் படிக்கும் முன்பு இது போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று உண்டு. நாளை ஞாயிற்றுக்கிழமை காலை இந்தத் தாள்களோடு மர்பி டவுனுக்குப் போகிறேன். கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகள்தான் உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடிக்கும் வரை எழுந்து போகாமல் எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

முனிரத்தினம் அவர்களே, நான் நல்லவனாக இருந்த ஒரே வீடு உங்கள் வீடு. நாளையோடு அதுவும் இல்லை. போய் வாருங்கள்.